இடது கையின் ஐந்து விரல்கள்

2024 செப்டம்பர் 2, திங்கள்

ஆறு மணிக்கு எழுந்துவிட்டேன். விரல்கள் மடங்க எட்டரை ஆனது. அதுவரை வெந்நீர்ப் பாத்திரத்தில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். பால் பாக்கெட்டை இவர்தான் வெட்டிக் கொடுத்தார். முப்பத்தொரு வருஷம் டிராயிங் டீச்சர் நான். காம்பஸ் இல்லாமல் போர்டில் வட்டம் போட்டவள்.

கப்பலின் உடம்பு வேலை முடிந்துவிட்டது. நாலு வருஷம். பின்னறை முழுக்க அதுதான் நிற்கிறது, மூன்று பாய்மரங்களோடு. ஒண்டிப்புதூரில் எவராவது கப்பல் செய்வார்களா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கடலைப் பார்க்க மலை தாண்டிக் கொச்சிக்குப் போக வேண்டும். இவர் ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக இருந்தவர். பம்புகளுக்கு மரத்தில் அச்சு செய்த கை. ரிட்டயர் ஆவதற்கு முன்பே மாதிரிக் கப்பல் பைத்தியம் பிடித்துவிட்டது. உடம்பு, பாய்மரம், கயிறு எல்லாம் அவர். முகப்புச் சிலை மட்டும் நான். கப்பலின் மூக்குக்குக் கீழே முன்னால் சாய்ந்து நிற்குமே, அந்தப் பொம்மை. இது எங்கள் ஆறாவது கப்பல்.

பிப்ரவரியில் கொச்சியில் கண்காட்சி. சிலைக்கு ஒன்பது சென்டிமீட்டர் வெப்பாலைக் கட்டையில் கோடு போட்டு வைத்து ஏழு மாதம் ஆகிறது. இன்று கத்தியைப் பிடித்தேன். ஐந்து நிமிஷம். வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 9

பக்கத்து வீட்டு சாந்தாமணி அக்கா வந்திருந்தார். முட்டி வலியில் ஒரு வருஷமாக வாசலைத் தாண்டாதவர் இன்று எங்கள் வாசல் படியேறி உள்ளேயே வந்தார்.

"டீச்சர், இந்தக் கையை வெச்சுட்டு ஏனுங்க சும்மா உக்காந்திருக்கறீங்க? சூலூர் தாண்டி ஒரு வைத்தியர் இருக்காருங்க. சூரணந்தான். ஒரு ஸ்பூன், தேன்ல கொழைச்சு. பத்தே நாள்ல நான் நடந்துபோட்டனுங்க."

டாக்டர் நந்திதாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு என்றேன். நாலு வருஷமாக என் முடக்குவாதத்தைப் பார்க்கிறவர் அவர்தான்.

"அவங்களக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவாங்க" என்றார் இவர், பின்னறையிலிருந்து.

செப்டம்பர் 14

நானும் இவரும் பஸ்ஸில் போய் வந்தோம். தகரக் கூரைக்கு அடியில் நாற்பது பேர் காத்திருந்தார்கள். வைத்தியர் என் மணிக்கட்டை அழுத்திப் பார்த்தார், இரண்டே கேள்வி கேட்டார். இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட வேண்டுமாம். "ரெண்டும் சேரக்கூடாதுங்கம்மா."

வாரம் ஒருநாள் போடுகிற மாத்திரையை ஃபிரிட்ஜ் மேல் எடுத்து வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 18

பால் பாக்கெட்டை நானே வெட்டினேன்.

அக்டோபர் 6

மூன்று மணி நேரம் ஒரே மூச்சாக உட்கார்ந்தேன். நம்ப முடியவில்லை. எழுதும்போதே கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

வெப்பாலை நல்ல மரம். வெள்ளையாக, ரேகை தெரியாமல் இருக்கும். கத்தி போகிற திசையில் சண்டை போடாமல் வரும். கப்பலின் பிளானில் ஒரு வெள்ளைக்கார ராணியைப் போட்டிருக்கிறார்கள், கிரீடத்தோடு. எனக்கு அவளோடு ஒட்டவில்லை. முக்காடு போட்ட பெண்ணாகச் செய்கிறேன். காற்று முக்காட்டை இழுக்கிறது, வலது கையால் பிடித்துக்கொள்கிறாள். இடது கை முன்னால் நீண்டிருக்கிறது, விரல்கள் விரிந்து. எதையோ தடுக்கிறாளா, கூப்பிடுகிறாளா, எனக்கே இன்னும் தெரியவில்லை.

இவர் வந்து நின்று பார்த்தார். "மூஞ்சி வந்திருச்சு அம்மணி" என்றார். ரொம்ப நேரம் நின்றார்.

பசிதான் அடங்கவில்லை. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு மறுபடி தட்டோடு நிற்கிறேன்.

அக்டோபர் 20

ஓசூரிலிருந்து ஜெனிதா வீடியோவில் வந்தாள். "என்னம்மா, மூஞ்சி உப்பின மாதிரி இருக்கு?" என்றாள். மகளுக்கு எப்போதும் அம்மா மேல் ஒரு குறை. வயதானால் சதை போடும் என்றேன். ஃபோனை வைத்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் இரண்டும் பன் மாதிரிதான் இருக்கிறது.

நவம்பர் 8

சாந்தாமணி அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். சுகர் ஐந்நூறைத் தாண்டிவிட்டதாம், நினைவில்லையாம். மகன் கதிர்வேல்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். அவருக்குச் சுகரே கிடையாதே?

நவம்பர் 12

சர்ச்சில் பெண்கள் கூட்டம் முடிந்து திரும்பும்போது கதிர்வேலின் பைக் எங்கள் கேட்டிலிருந்து கிளம்பிப் போனது. என்ன விஷயம் என்று கேட்டேன். "அவங்கம்மா கண்ணு முழிச்சிட்டாங்களாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தான்" என்றார் இவர். அக்காவைத் திருப்பூரில் மகள் வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளப் போகிறார்களாம்.

தேவனுக்கு நன்றி.

நவம்பர் 15

இவரே சூலூர் போய் மருந்து வாங்கி வந்துவிட்டார். ஒன்றுக்கு இரண்டு டப்பா. "நீ எதுக்குப் பஸ்ல இடிபட்டுட்டு? நீ உன் வேலையப் பாரு" என்றார்.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் எனக்காக இவர் இப்படி ஒருநாளும் அலைந்ததில்லை. மத்தியானம் அவருக்குப் பிடித்த கொள்ளுப்பருப்பு கடைந்து வைத்தேன்.

டிசம்பர் 20

வலது கை முடிந்தது. முக்காட்டின் மடிப்பும் முடிந்தது. இடது உள்ளங்கைவரை வந்துவிட்டேன். இனி விரல்கள். ஒவ்வொன்றும் தீக்குச்சியின் தடிமனில் பாதிதான் இருக்கும். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும்.

கையில் அங்கங்கே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டுகிறது. எங்கேயும் இடித்துக்கொண்டதாக நினைவில்லை. ஒரு எட்டு டாக்டர் நந்திதாவைப் பார்த்துவிட்டு வரலாமா என்றேன். "கண்காட்சி முடியட்டும் அம்மணி. பிப்ரவரியில நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

டிசம்பர் 26

ஜெனிதா வந்து போனாள். கேக், பிரியாணி, சர்ச், போட்டோ. போட்டோக்களில் நான் யாரோ போல இருக்கிறேன்.

2025 ஜனவரி 9, வியாழன்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்தபடியே எழுதுகிறேன்.

காலையில் சாந்தாமணி அக்கா வந்தார். நேற்றுத்தான் திருப்பூரிலிருந்து கொண்டுவந்து விட்டார்களாம். பாதி உடம்பாகிவிட்டார், வாக்கர் பிடித்து நடக்கிறார். காபி போட எழுந்தேன். அப்போது மேஜை மேல் இருந்த டப்பாவைப் பார்த்துவிட்டார்.

"இதென்னங்க டீச்சர், இன்னும் இதையா திங்கறீங்க?"

ஆமாம் அக்கா, ஏன் என்றேன்.

"அய்யோ சாமி! அதுல ஸ்டீராய்டு அரைச்சுக் கலந்திருக்குதுங்க. கதிர்வேலு லேப்ல குடுத்துப் பாத்தான். அதுலதானுங்க எனக்குச் சுகர் ஏறிச் சாகப்போனேன். உங்க ஊட்டுல சொல்லிப்போட்டேன், லேப் பேப்பரு கூட ஒண்ணு குடுத்துட்டு வந்தேன்னு எங்கிட்டச் சொன்னானுங்களே?"

யாரிடம் சொன்னான் என்று கேட்டேன். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

"உங்கூட்டுக்காரர்கிட்டத்தானுங்க. நான் ஆஸ்பத்திரில கெடக்கறப்ப."

அக்காவுக்குச் சட்டென்று ஏதோ புரிந்துவிட்டது போல. காபியைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

இவர் கயிறு வாங்க உக்கடம் போயிருக்கிறார். இந்த நோட்டைப் பின்னால் புரட்டினேன். நவம்பர் 12, கதிர்வேலின் பைக். நவம்பர் 15, இரண்டு டப்பா. மூன்று நாள். தெரிந்த பிறகு மூன்று நாள் கழித்து, பஸ் ஏறிப் போய், வரிசையில் நின்று, ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்கு நான் கொள்ளுப்பருப்பு கடைந்திருக்கிறேன். என் கையெழுத்தில், இங்கேயே இருக்கிறது.

ஜனவரி 10

நேற்று அவர் வந்ததும் கேட்க வாய் வரவில்லை. தலைவலி என்று படுத்துவிட்டேன். இன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். தட்டு வைக்கவில்லை.

"நவம்பர்ல கதிர்வேல் வந்து உங்ககிட்ட என்ன சொன்னானுங்க?"

உப்பு ஜாடியைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "அதான் தெரிஞ்சு போச்சுல்ல. அப்புறம் என்ன கேக்கறே?"

"உங்க வாயால சொல்லுங்க."

"ஸ்டீராய்டு கலந்திருக்குதுன்னான்."

"பேப்பர் குடுத்தானாமே?"

"கிழிச்சுப் போட்டேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். பழைய கரண்ட் பில்லைக் கிழித்துப் போட்டது மாதிரி.

அப்புறம் அவரே பேசினார். "நீ கைய நீட்டி மடக்கறதப் பாத்தேன் கிருபா. எத்தன நாளுக்கப்புறம் நீ பாட்டு முணுமுணுத்துட்டு வேலை செஞ்சே. அதக் கெடுக்க எனக்கு மனசு வரல."

அதோடு நிறுத்தியிருந்தால் அழுதிருப்பேன். மன்னித்தும் இருப்பேனோ என்னவோ. அவர் நிறுத்தவில்லை.

"அதுவுமில்லாம நாலு வருசக் கப்பலு. நீ பாதியில உட்டா யாரு முடிக்கறது? மூணு மாசந்தானே, அதுக்குள்ள என்ன ஆயிரப்போவுதுன்னு நெனச்சேன்."

"சாந்தாக்காவுக்கு ஆச்சேங்க. அது தெரிஞ்சுந்தானே போய் ரெண்டு டப்பா வாங்கிட்டு வந்தீங்க?"

எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்க்கிறார்! நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அந்த மனுசன் அங்க போய்க் கப்பலத் தேய்க்கறாரு.

ஜனவரி 11

ஆட்டோ பிடித்து நான் மட்டும் டாக்டர் நந்திதாவிடம் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் கன்னத்தையும் கையில் இருந்த ஊதாத் தடங்களையும் பார்த்துவிட்டு, "எத்தனை மாசம்மா?" என்று மட்டும் கேட்டார்.

பவுடரை அப்படியே நிறுத்திவிடக் கூடாதாம். நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். உடம்பு ஸ்டீராய்டைத் தானாகச் சுரக்கிறதை மறந்திருக்கும் என்றார். அதே வகை மாத்திரையைக் கணக்கான அளவில் கொடுத்து, வாரா வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். பழைய வாராந்திர மாத்திரையையும் மறுபடி தொடங்க வேண்டும். சுகர் இருநூற்று அறுபது. எலும்பு ஸ்கேனில் முதுகெலும்பு தேய்ந்திருக்கிறது. "குனிஞ்சு எதையும் தூக்காதீங்க" என்றார். "மாத்திரை குறையக் குறையக் கைவலி திரும்பி வரும். முன்னைவிட அதிகமாக்கூட இருக்கும். பயப்படாதீங்க, அதையும் பார்த்துக்கலாம்."

"வீட்ல யாருக்கும் சந்தேகம் வரலையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? இப்போதும் அவர் மானத்தை நான்தான் மூடி வைக்கிறேன்.

ஜனவரி 12

சர்ச்சுக்குப் போகவில்லை. ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருக்கிறது. எனக்குச் சந்தேகமே வரவில்லையா? வீங்கின முகம், அடங்காத பசி, அக்காவுக்கு ஏறின சுகர். மூன்றையும் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அடுத்த நாள் தேனில் குழைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். கை ஓடுகிறதே, கேட்டால் நின்றுவிடுமே என்ற பயம் எனக்கும் இருந்திருக்கிறது.

சரி. நான் கேட்காமல் இருந்தேன். அவர் தெரிந்துகொண்டே ஸ்பூனில் எடுத்துக் கொடுத்தார். இரண்டும் ஒன்றா? எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றில்லை.

ஜனவரி 16

பொங்கல் விடுமுறைக்கு வந்த ஜெனிதாவிடம் சொல்லிவிட்டேன். அப்பாவோடு பேசாமலே ஓசூருக்குக் கிளம்பினாள். "எங்கூட வந்துரும்மா" என்றாள். வீடு என் சம்பளத்தில் லோன் போட்டு என் பெயரில் வாங்கினது. நான் ஏன் போக வேண்டும்?

அவள் ஆட்டோ தெருமுனை திரும்பியிருக்காது. இவர் சிலையைத் துணியில் வைத்து என் முன்னால் கொண்டுவந்தார். கூடவே என் சின்னக் கத்தி.

"இன்னும் அஞ்சு வெரல்தான் அம்மணி. டாக்டரம்மா குடுத்த மாத்திரையில கை ஓடறப்பவே முடிச்சுப்போட்டா..."

எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். கொடியில் காய்ந்த துணியையெல்லாம் எடுத்து, மடித்து, மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தபோது சிலை மேஜை மேலேயே இருந்தது. இடது உள்ளங்கையில் ஐந்து மொட்டைக் கட்டைகள். நான் தொடவில்லை.

ஜனவரி 23

மாத்திரை பாதியாகிவிட்டது. ரவிக்கைக் கொக்கி போட முடியவில்லை. நைட்டியோடு இருக்கிறேன்.

ஜனவரி 25

சாந்தாமணி அக்கா வாசலிலேயே நின்று பேசினார். கதிர்வேல் புகார் கொடுத்து, அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது தகரக் கொட்டகை பூட்டியிருந்ததாம். வைத்தியர் ஆளையே காணோம். "நாந்தானுங்க உங்களுக்குச் சொல்லி உட்டேன். எம்மேல கோவமுங்களா டீச்சர்?" என்று அழுதார். இல்லை அக்கா என்று அவர் கையைப் பிடித்தேன். உண்மையாகவே இல்லை. அவர்கள் வீட்டில் தெரிந்ததும் மகன் வந்து சொன்னான்.

ஜனவரி 30

வேன் வந்தது. கண்ணாடிப் பெட்டியில் கப்பலை ஏற்றினார்கள். நான் ஜன்னலருகே இருந்தேன். "போயிட்டு வாரேன்" என்றார். சரிங்க என்றேன். மேஜை மேலிருந்த சிலையையும் காணோம். நேற்றே எடுத்து ஒட்டியிருக்கிறார். கேட்கவில்லை. விரல் இல்லாத கையோடு போகட்டும், பார்க்கிறவர்கள் ஏன் என்று கேட்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 1

கொச்சியிலிருந்து போட்டோ அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன்.

விரல்கள் இருக்கின்றன.

அவரே செதுக்கி முடித்துவிட்டார். ஐந்தும் ஒரே நீளம், ஒரே தடிமன். கட்டைவிரலும் அப்படியே. சீப்பு மாதிரி இருக்கிறது. என் பெண்ணின் முகத்துக்கு முன்னால் ஒரு சீப்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. கீழே அட்டையில் 'சிற்பம்: கிருபாவதி சத்தியசீலன்' என்று கொட்டை எழுத்தில்.

அந்த மருந்தைக்கூட என் கையில்தான் கொடுத்தார், நான்தான் வாயில் போட்டேன். இதற்கு நான் எதுவும் செய்யவில்லை. நான் படுத்திருக்கிற நேரமாகப் பார்த்து, என் கத்தியை எடுத்து, எனக்கு விரல் வைத்திருக்கிறார். என் பேரையும் எழுதி வைத்திருக்கிறார்.

எது பெரியது என்று எடை போட முடியவில்லை. இதுதான் அதிகம் எரிகிறது. ஏன்?

பிப்ரவரி 4

வந்துவிட்டார். சிறப்புப் பரிசு. சான்றிதழில் இரண்டு பேர் பெயரும். டிவி மேல் வைத்தார். வெந்நீர் வைத்து என் முன்னால் கொண்டுவந்தார். கைகளை உள்ளே விட்டேன். "வெரல்..." என்று தொடங்கினார். "பேசாதீங்க" என்றேன்.

பிப்ரவரி 21

மாத்திரைப் பெட்டி இப்போது என் பீரோவில். சாவி என் இடுப்பில். தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டையில் பெயரைப் படித்துவிட்டுத்தான் போடுகிறேன். சமையல், துணி, கடை எல்லாம் இவர் பார்க்கிறார். நன்றாகத்தான் பார்க்கிறார். தேவையானதைப் பேசிக்கொள்கிறோம். கேஸ் தீர்ந்துவிட்டது. ஜெனிதா கூப்பிட்டாள். மழை வருகிறது. அவ்வளவுதான்.

மார்ச் 11

என் பெயருக்குத் தபால். கொச்சியிலிருந்து. தமிழ்வேந்தன் என்று ஒருவர், தூத்துக்குடிக்காரராம், கப்பல் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்காட்சி அலுவலகத்தில் விலாசம் வாங்கியிருக்கிறார். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார், பாதிக்கு மேல் முக்காட்டின் மடிப்பைப் பற்றி. கடைசியில் இப்படி:

'தவறாக எண்ண வேண்டாம். முகமும் வலது கையும் ஒருவர் செதுக்கியது. இடது கையின் விரல்கள் அவர் செய்தவை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.'

நாலு தரம் படித்தேன். இரண்டாவது தரத்திலேயே அழுதுவிட்டேன்.

அவரும் மாதிரித் தோணி ஒன்று செய்துகொண்டிருக்கிறாராம். முகப்புக்கு ஒரு சிலை வேண்டுமாம். ஐந்து சென்டிமீட்டர், முகம் மட்டும்.

மார்ச் 14

பதில் எழுதினேன். நாலு வரி எழுத ஒரு மணி நேரம். எனக்கு முடக்குவாதம், நாளுக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் கத்தி பிடிக்க முடியாது, ஒரு வருஷம் ஆகலாம், ஆகாமலே போகலாம். விரல்கள் விஷயத்தில் நீங்கள் நினைத்தது சரி.

மார்ச் 22

'எப்போது முடிகிறதோ அப்போது போதும்' என்று எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

டாக்டர் நந்திதா போன வாரம் ஸ்டீராய்டு மாத்திரையை முழுதாக நிறுத்திவிட்டார். வாராந்திர மாத்திரை மெதுவாக வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. காலையில் கை மடங்க ஏழே முக்கால். கத்திப் பிடியில் பழைய சைக்கிள் ரப்பரைச் சுற்றிக்கொண்டேன், பிடிக்கச் சுலபமாக இருக்கிறது. அலாரம் வைத்துக்கொள்கிறேன். அடித்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு.

சர்ச்சிலிருந்து வந்ததும் இவர் பின்னறைக்குக் கூப்பிட்டார். புதிதாக ஒரு கப்பலுக்கு அடிக்கட்டை நிறுத்தியிருக்கிறார். ஏழாவது. விலா எலும்புகள் மாதிரி நாலைந்து சட்டம் ஏற்றியாகிவிட்டது. நேர்த்தியான வேலை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஒண்ணும் அவசரமில்ல. மூணு வருசம் நாலு வருசம் ஆவட்டும். இதுக்கு முகப்புல என்ன வெக்கலாம், சொல்லு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சட்டத்தையே பார்த்துக்கொண்டு.

"நான் கொச்சியில ஒருத்தருக்குச் செஞ்சு தர்றதா ஒத்துக்கிட்டனுங்க."

"யாருக்கு?"

சொன்னேன். கடிதம் வந்ததையும் அதில் விரல்களைப் பற்றி எழுதியிருந்ததையும் சொன்னேன். கையில் இருந்த உப்புத்தாளை மடித்து மடித்துச் சிறிதாக்கிக்கொண்டே நின்றார்.

"அப்ப இதுக்கு?"

"வேற ஆளப் பாத்துக்குங்க."

முன்னறைக்கு வந்து உட்கார்ந்தேன். பின்னறையில் அவர் தேய்க்க ஆரம்பித்தார்.

இன்று பன்னிரண்டு நிமிஷம். மூக்கு வந்திருக்கிறது.